தேர்வு கொடுத்த இடம்: கிராஃபிங் கால்குலேட்டரில் மாணவர்கள் எழுதிய விளையாட்டுகள்

கேள்வி

1990களின் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விளையாட்டுக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. நின்டெண்டோவின் கேம் பாய் 1989இலேயே வந்துவிட்டது. அதன் திரையில் 160க்கு 144 புள்ளிகள், நான்கு சாயல்கள், ஒலியும் உண்டு. அதே ஆண்டுகளில் கணித வகுப்புக்கு அவர்கள் கொண்டுபோன டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-82 கால்குலேட்டரின் திரையில் இருந்தவை 96க்கு 64 புள்ளிகள்தாம். புள்ளி கறுப்பாக இருக்கும், இல்லாவிட்டால் வெறுமையாக இருக்கும்; இடைப்பட்ட சாயல் கிடையாது. ஒலி கிடையாது. சைன் வளைவையும் பரவளையத்தையும் வரைந்து பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. ஆனாலும் அந்தச் சிறு திரைக்காக மாணவர்கள் பாம்பு விளையாட்டும் டெட்ரிஸும் வியாபார விளையாட்டும் எழுதினார்கள். எழுதியதைக் கம்பி வழியாகப் பக்கத்து இருக்கைக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வந்தவர்கள் அதை எடுத்துத் திருத்தினார்கள். ஏறத்தாழ 30 ஆண்டுகள் இந்தப் பழக்கம் நீடித்தது. கேம் பாயில் இருந்ததும் டிஐ கால்குலேட்டரில் இருந்ததும் கிட்டத்தட்ட ஒரே குலத்துச் செயலிகள். முன்னதில் மாணவர் எதையும் எழுத முடியாது. பின்னதில் எழுத முடிந்தது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, ஏன் இந்தக் கருவியில் மட்டும் அது வேர்பிடித்தது, கடைசியில் கருவியைச் செய்த நிறுவனமே ஏன் அதன் ஒரு பாதியை அடைத்தது என்பவைதாம் இக்கட்டுரை ஆராயும் கேள்விகள்.

இவற்றுக்கு என் விடை கருவிக்கு வெளியே இருக்கிறது. கால்குலேட்டர் விளையாட்டு பள்ளிக்கூடத்தில் பரவியதற்கும் நிலைத்ததற்கும் பின்னர் நெரிக்கப்பட்டதற்கும் முதன்மைக் காரணம் பொதுத்தேர்வு. தேர்வு வாரியம் ஒரு கருவியைக் கட்டாயமாக்கியது. அந்தக் கட்டாயத்தின் நிழலில் விளையாட்டு வளர்ந்தது. அதே தேர்வு வாரியத்தின் கவலைதான் பிறகு அதை வெட்டவும் செய்தது.

இரண்டு வழக்கமான விளக்கங்கள்

இதுவரை எழுதப்பட்டவற்றில் அதிகம் காணப்படுவது 'குறுக்கம் கற்பிக்கிறது' என்ற விளக்கம். நினைவகம் சில கிலோபைட், செயலி மந்தம், திரை சிறிது. ஆகவே எழுதியவர் சிக்கனம் கற்றார், சிக்கனத்தில் திறமை வந்தது என்று அது சொல்லும். நிக் மாண்ட்ஃபோர்ட்டும் இயன் போகோஸ்ட்டும் அடாரி விளையாட்டுப் பெட்டியைப் பற்றி 2009இல் எழுதிய 'ரேசிங் த பீம்' நூல் இந்தப் பார்வைக்கு நல்ல அடித்தளம் தந்தது. ஒரு வன்பொருளின் எல்லைகள் அதில் பிறக்கும் படைப்பின் வடிவத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை அந்த நூல் நுணுக்கமாகக் காட்டுகிறது. ஆனால் அது பேசுவது வடிவத்தைப் பற்றி. ஏன் இத்தனை பேர் எழுதத் தொடங்கினார்கள் என்ற கேள்விக்குக் குறுக்கத்தால் விடை சொல்ல முடியாது. 1975இல் வந்த ஹியூலெட்-பேக்கர்டின் எச்பி-25இல் நிரலுக்கு இருந்த இடம் 49 படிகள். 1985இல் வந்த முதல் கிராஃபிங் கால்குலேட்டரான கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜியில் 422 பைட். குறுக்கம்தான் தாய் என்றால் இவற்றைச் சுற்றியல்லவா பள்ளிப் பிள்ளைகள் மொய்த்திருக்க வேண்டும்? மொய்க்கவில்லை.

இரண்டாவது விளக்கம் நிறுவனத்தின் தாராளத்தைச் சொல்வது. கால்குலேட்டரில் பேசிக் மொழி வைத்ததும், இணைப்புக் கம்பியைப் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்ததும் நிறுவனம்தானே என்பது வாதம். இதில் உண்மை உண்டு. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று நிரலுக்குச் சொல்லும் 'கெட்கீ' கட்டளைக்கு இயற்கணிதப் பாடத்தில் பெரிய வேலை எதுவுமில்லை. அதை வைத்தவர்களுக்கு விளையாட்டு மனத்தில் இல்லாமல் இருந்திருக்காது. 'பிளாக் டூட்' உள்ளிட்ட விளையாட்டுகள் அடங்கிய 'பசில் பேக்' என்ற தொகுப்பை, பயனர் குழு ஒன்று எழுதியதை, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தானே வழங்கியும் இருக்கிறது. ஆனால் அதே நிறுவனம் 2009இல் பயனர்களுக்கு வக்கீல் கடிதம் அனுப்பியது. 2020இல், செயலியின் மொழியிலேயே நேரடியாக எழுதப்படும் அசெம்ப்ளி நிரல்களை முடக்கியது. ஒரே வீட்டிலிருந்து வந்த இந்த இரண்டு குணத்தையும் தாராளம் என்ற சொல் விளக்காது. நிறுவனத்தின் உண்மையான வாடிக்கையாளர் யார் என்று கேட்டால் இரண்டும் ஒரே குணம்தான் என்று தெரியும்.

பட்டியலிலிருந்து எடுக்கும் கட்டளை

அதற்கு முன் எழுதும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். டிஐ-83இல் நிரல் எழுதும்போது கட்டளையை எழுத்துக் கூட்டித் தட்டச்சு செய்ய முடியாது. நிரல் பொத்தானை அழுத்தினால் கட்டளைகளின் பட்டியல் திறக்கும். அதிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த கட்டளை எத்தனை எழுத்து நீளமானாலும் நினைவகத்தில் பெரும்பாலும் ஒரு பைட்டாக, சிலவேளை இரண்டு பைட்டாகத்தான் உட்காரும். இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, கட்டளையில் எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை. மற்றது, மொழியில் என்னென்ன இருக்கிறது என்பது கையேடு இல்லாமலே தெரிந்துவிடுகிறது. பட்டியலைக் கீழே உருட்டிப் பார்த்தாலே போதும். பிழை வந்தால் திரை இரண்டு வழி காட்டும்: வெளியேறு, அல்லது பிழை நடந்த இடத்துக்குப் போ. இரண்டாவதை அழுத்தினால் சரியாக அந்த வரியில் போய் நிற்கும். 2007இல் எம்ஐடி வெளியிட்ட ஸ்கிராட்ச், சிறுவர்களுக்காகக் கட்டளைகளை இழுத்துவைக்கும் கட்டைகளாக்கியபோது நிறைவேற்றிய வசதிகளில் பாதி இந்தக் கருவியில் முன்பே இருந்தது, வேறு காரணத்துக்காக: கால்குலேட்டரில் எழுத்து விசைப்பலகை இல்லை. குறுக்கம் கற்பித்தது என்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. நுழைவு கடினமாக இருக்கவில்லை, வியக்கத்தக்க அளவுக்கு எளிதாக இருந்தது.

இனி ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். திரையில் ஓர் எழுத்தை இடமும் வலமும் நகர்த்த வேண்டும். இடம் எக்ஸ் என்ற மாறியில் இருக்கிறது. அழுத்திய பொத்தானின் எண் கே என்ற மாறியில். பொத்தான் எண் என்பது விசைப்பலகையில் அதன் வரிசையும், அந்த வரிசையில் அது எத்தனையாவது என்பதும்தான்: இரண்டாம் வரிசையில் ஆறாவது என்பதால் வல அம்புக்கு 26, நான்காவது என்பதால் இட அம்புக்கு 24. புதிதாக எழுதுபவர் 'கே 26 ஆனால் எக்ஸில் ஒன்றைக் கூட்டு, 24 ஆனால் ஒன்றைக் கழி' என்று நான்கு வரி எழுதுவார். கைதேர்ந்தவர் எழுதுவது ஒரே வரி: எக்ஸ் + (கே = 26) − (கே = 24). இந்தக் கருவியில் அடைப்புக்குள் இருக்கும் கூற்று உண்மையானால் அதன் மதிப்பு 1, பொய்யானால் 0. திரையின் விளிம்பைத் தாண்டிவிடக் கூடாதென்றால் முதல் அடைப்பை (எக்ஸ் < 16) என்பதாலும் இரண்டாவதை (எக்ஸ் > 1) என்பதாலும் பெருக்கினால் முடிந்தது. முகப்புத் திரையில் 8 வரி, வரிக்கு 16 எழுத்து. இதே உத்திதான் துண்டுதுண்டாக வரையறுக்கப்பட்ட சார்புகளை வரைய கணித வகுப்பில் பயன்பட்டது: (எக்ஸ் < 0) என்பதால் ஒரு கோவையைப் பெருக்கி, (எக்ஸ் ≥ 0) என்பதால் இன்னொன்றைப் பெருக்கிக் கூட்டினால் இரண்டு துண்டும் ஒரே வரைபடத்தில் வரும். பாடமும் விளையாட்டும் ஒரே இலக்கணத்தைப் பகிர்ந்துகொண்டன.

இந்தப் பகிர்வு பிற இடங்களிலும் தெரிகிறது. புள்ளியியலுக்காக வைத்த பட்டியல்கள் விளையாட்டில் சரக்கு இருப்பாக மாறின. நிகழ்தகவுக்காக வைத்த தற்செயல் எண் எதிரியின் நகர்வாக மாறியது. சமன்பாடுகளைத் தீர்க்க வைத்த அணி, நிலவரைபடமாக மாறியது. 8க்கு 16 அணி ஒன்றில் முழுத் திரையின் வரைபடத்தைப் போட்டுவிடலாம். ஆனால் இந்தக் கருவியில் ஒவ்வொரு எண்ணும் 9 பைட் பிடிக்கும். சுவர், வழி, புதையல் என்று மூன்றே நிலை உள்ள ஒரு கட்டத்துக்குப் பதினான்கு இலக்கத் துல்லியம் எதற்கு? 128 கட்டத்துக்கு 1,152 பைட் போகும். டிஐ-83இல் எழுத்துச்சரம் வந்ததும் அதே வரைபடத்தை 128 பைட்டில் ஒரு சரமாக வைத்தார்கள். இங்கே குறுக்கம் வேலை செய்கிறது, மறுக்கவில்லை. எழுதத் தொடங்கிய பிறகு திறமை எந்தத் திசையில் வளர்கிறது என்பதைக் குறுக்கம் தீர்மானிக்கிறது. தொடங்கவைத்தது வேறு.

ஜான் டெல் 1984இல் கணினிக்காக எழுதிய 'டிரக் வார்ஸ்' என்ற விளையாட்டு கால்குலேட்டரில் பெற்ற வாழ்வு இதற்கு நல்ல சான்று. நியூயார்க்கின் பேட்டைகளுக்கிடையே போதைப்பொருளை மலிவாக வாங்கி விலையேறும் இடத்தில் விற்றுக் கடனை அடைக்க வேண்டும். பொருள் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றதல்ல. வடிவம் அந்தக் கருவிக்கு அளந்து தைத்ததுபோல் இருந்தது. படம் வேண்டாம், வேகம் வேண்டாம். பட்டியல் தேர்வு, விலைப்பட்டியல், தற்செயல் எண் போதும். கைமாறி வந்த நிரலைத் திருத்தும் பட்டியலில் திறந்தால் மூலம் அப்படியே தெரியும். தொடக்கப் பணத்தைப் பத்து மடங்காக்குவதுதான் பலரும் செய்யக்கூடிய முதல் திருத்தம். பொருள்களின் பெயரை மாற்றுவது அடுத்தது. வாங்குபவரும் வாசிப்பவரும் திருத்துபவரும் ஒருவராக இருப்பதற்கு இதைவிட எளிய வழி வீட்டுக் கணினியில்கூட அன்று அரிது.

கட்டாயத்தின் வரலாறு

1989இல் அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசிய மன்றம் வெளியிட்ட பாடத்திட்டத் தரங்கள், 9 முதல் 12ஆம் வகுப்பு வரை எல்லா மாணவர்களிடமும் எப்போதும் வரைபடத் திறன் கொண்ட கால்குலேட்டர் இருக்கும் என்பதை அடிப்படையாக எடுத்துக்கொண்டன. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் வெய்ட்ஸும் ஃபிராங்க் டெமானாவும் ஆசிரியர்களுக்கு இந்தக் கருவியில் பயிற்சி தரும் இயக்கத்தை 1980களின் இறுதியில் தொடங்கினார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அதற்கு ஆதரவு தந்தது. 1990இல் டிஐ-81 வந்தது. 1994இல் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் கால்குலேட்டர் அனுமதிக்கப்பட்டது. 1995இல் மேம்பட்ட நுண்கணிதத் தேர்வில் கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயமாகவே ஆனது. ஆறே ஆண்டுகளில் ஒரு பொறியாளரின் கருவி பதினாறு வயதுப் பையன்கள், பெண்களின் புத்தகப்பையில் ஏறிவிட்டது. கேம் பாய் பிடிபட்டால் ஆசிரியர் பறிப்பார். கால்குலேட்டரைப் பறிக்க முடியாது. அதை மேசைமேல் வைத்திருக்க வேண்டும் என்பதே விதி.

கட்டாயத்தின் இன்னொரு விளைவு கண்ணுக்குச் சட்டென்று படாது: உறைநிலை. பாடநூல்கள் எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று குறிப்பிட்ட மாடலைச் சொல்லியே அச்சிட்டன; தேர்வு வாரியம் அனுமதித்த மாடல்களின் பட்டியலை வெளியிட்டது; ஆசிரியர் தனக்குத் தெரிந்த மாடலை வாங்கச் சொன்னார். மாற்றினால் இந்த ஏற்பாடு முழுவதும் குலையும் என்பதால் நிறுவனம் மாற்றவில்லை. 1990இன் டிஐ-81இல் இருந்த 96க்கு 64 புள்ளித் திரை 2004இன் டிஐ-84 பிளஸிலும் அப்படியே இருந்தது. விலையும் 100 டாலருக்கு மேலேயே நின்றது, உள்ளே இருந்த பொருளின் மதிப்பு எவ்வளவு சரிந்தாலும். நுகர்வோர் பார்வையில் இது குற்றச்சாட்டுக்குரிய விஷயம். விளையாட்டு எழுதியவரின் பார்வையிலோ இது வரம்: 1996இல் டிஐ-83இல் எழுதிய பேசிக் விளையாட்டு 2004இன் கருவியிலும் ஓடியது. பள்ளியை விட்டுப் போன அண்ணன் எழுதியதைத் தம்பி விளையாடினான். கணினியிலோ கைப்பேசியிலோ பத்தாண்டுக்கு முந்தைய நிரல் ஓடுவதே போராட்டம்.

தேர்வுதான் திறவுகோல் என்பதற்கு மிகத் தெளிவான சான்று டிஐ-92. 1995இல் வந்த இந்தக் கருவியில் மோட்டோரோலா 68000 செயலி, 240க்கு 128 புள்ளித் திரை, முழு எழுத்து விசைப்பலகை. விளையாட்டுக்கு இதைவிட ஏற்ற கால்குலேட்டர் அன்று இல்லை. ஆனால் எழுத்து விசைப்பலகை இருந்ததால் எஸ்ஏடி இதை அனுமதிக்கவில்லை. நிறுவனம் அதே செயலியையும் அதே குறியீட்டு இயற்கணிதத் திறனையும் சிறிய திரையோடு, எழுத்து விசைப்பலகை இல்லாமல் டிஐ-89 என்று 1998இல் வெளியிட்டது. அது தேர்வறைக்குள் போனது. ஒரு கருவியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதைவிட வாசலில் நிற்பவர் என்ன பார்க்கிறார் என்பதே அதன் விதியைத் தீர்மானித்தது.

எதிர்ச்சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. இயற்பியல், வேதியியல் கணக்குகளுக்கு மடக்கை அட்டவணைதான். பொறியியல் கல்லூரியில் கால்குலேட்டர் வருகிறது, ஆனால் நிரல் எழுத முடியாத வகைதான் அனுமதி. கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் இல்லாத பொறியியல் மாணவரைக் காண்பது அரிது. அதே நிறுவனம் கிராஃபிங் கால்குலேட்டரும் செய்கிறது. இங்கே அது யார் பையிலும் ஏறவில்லை, ஆகவே அதில் விளையாட்டு எழுதும் பழக்கமும் வரவில்லை. இங்கத்திய மாணவர்களுக்கு ஆர்வமோ குறுக்கத்தோடு மல்லுக்கட்டும் பழக்கமோ குறைவென்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிங்கப்பூரில் மேல்நிலைத் தேர்வின் எச்2 கணிதப் பாடம் கிராஃபிங் கால்குலேட்டர் இருப்பதை எதிர்பார்க்கிறது. அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 'ஜிசி' அன்றாடச் சொல். தேர்வுக்கு முன் அதன் நினைவகத்தை அழித்துக்கொண்டு வர வேண்டும் என்ற விதியும் அவர்களுக்குத் தெரியும்.

அழிக்கும் அந்தச் சடங்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சூத்திரங்களை நிரலாக ஒளித்துவைப்பார்கள் என்பதால் ஆசிரியர் வரிசை வரிசையாக வந்து, திரையில் 'நினைவகம் அழிக்கப்பட்டது' என்ற ஆங்கில வாசகம் தெரிகிறதா என்று பார்ப்பார். திரையைத் துடைத்து அதே வாசகத்தை அதே இடத்தில் காட்ட இரண்டு கட்டளை போதும். அப்படி எழுதினார்கள். 1999இல் டிஐ-83 பிளஸ் வந்தபோது அதில் 160 கிலோபைட் நிலைநினைவகம் இருந்தது. சாதாரண அழிப்பு அதைத் தொடாது. விளையாட்டைக் காப்பதற்காகக் கற்ற உத்தி, சூத்திரத்தை ஒளிப்பதற்கும் உதவியது. பின்னால் வந்த கதவடைப்புக்கு விதை இங்கேதான் விழுந்தது.

அசெம்ப்ளி வந்தபோது

1992இன் டிஐ-85இல் கணினியோடு இணைத்து முழு நினைவகத்தையும் நகலெடுக்கும் வசதி இருந்தது. அந்த நகல் கோப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள், பயனர் தானே அமைத்துக்கொள்ளும் பட்டியலின் உறுப்புகள் உள்ளே நினைவக முகவரிகளாக இருப்பதைக் கண்டார்கள். முகவரியை மாற்றி, கோப்பைத் திரும்ப அனுப்பி, பட்டியலில் அந்த உறுப்பை அழுத்தினால் செயலி நேராகப் பயனர் வைத்த குறிமுறைக்குத் தாவும். 1994இல் இந்த வழியில், அசெம்ப்ளி நிரல்களை ஓட்டும் 'இசட்ஷெல்' பிறந்தது. நிறுவனம் திட்டமிடாத கதவு இது. 1996இல் டிஐ-83இல் அசெம்ப்ளி நிரலை ஓட்ட ஒரு மறைமுகக் கட்டளை இருந்தது. டிஐ-83 பிளஸில் அது வெளிப்படையாகவே வந்தது. பேசிக்கில் தள்ளாடிய விளையாட்டுகள் அசெம்ப்ளியில் பறந்தன. கம்பியால் இணைத்து இருவர் மோதும் டெட்ரிஸ்கூட வந்தது.

கால்குலேட்டர் விளையாட்டின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைப் பொற்காலம் என்பார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். அசெம்ப்ளி விளையாட்டைப் பெற்றவர் அதைத் திறந்து படிக்க முடியாது. தொடக்கப் பணத்தை மாற்றிப் பார்க்க முடியாது. எழுதுபவர் சிலர், விளையாடுபவர் பலர் என்று பிளவு உண்டானது; கேம் பாய் உலகின் ஏற்பாடு கால்குலேட்டருக்குள்ளும் வந்தது என்றுகூடச் சொல்லலாம். விளையாட்டின் தரம் உயர்ந்த அளவுக்கு வாசகரின் எண்ணிக்கை குறைந்தது. எழுதிய சிலரின் திறமை வியக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் பரவலைப் பற்றிய கேள்விக்கு பேசிக்தான் முக்கியம், அசெம்ப்ளி அல்ல.

மறுப்புகள்

தேர்வே இல்லாத இடத்திலும் கால்குலேட்டர் விளையாட்டு வளர்ந்ததே என்பது வலுவான மறுப்பு. எச்பி-25இன் நிரல் தொகுப்பு நூலிலேயே நிலவில் விண்கலத்தை இறக்கும் விளையாட்டு இருந்தது. எச்பி-65 பயனர்களுக்காக 1974இல் ரிச்சர்ட் நெல்சன் தொடங்கிய சங்கம் பிற்பாடு எச்பி-41சியின் ஆவணப்படுத்தாத கட்டளைகளைக் கண்டுபிடித்துத் தனிக் கலையாகவே வளர்த்தது. சோவியத் ஒன்றியத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 98 படி நிரலும் 14 நினைவுப் பதிவேடும் உள்ள எலெக்ட்ரோனிகா பி3-34 கால்குலேட்டருக்காக, 'டெக்னிகா மொலதியோஷி' இதழில் மிகயீல் புஹோவ் 1985இலும் 1986இலும் ஒரு விண்வெளித் தொடர்கதை எழுதினார். கதையில் வரும் 'கோன்-டிக்கி' விண்கலத்தை நிலவிலிருந்து பூமிக்கு ஓட்ட வேண்டியவர் வாசகர். ஓட்டுவதற்கான நிரல் கதையோடு அச்சாகும். எண்கள் மட்டும் தெரியும் திரையில் எரிபொருளும் உயரமும்தான் விளையாட்டு. பிழை வந்தால் திரையில் தெரியும் உருவம் ரஷ்ய எழுத்தில் 'யெக்கோக்' என்று படித்ததால், பிழைகளைத் தோண்டி ஆராயும் வித்தைக்கே அந்தப் பெயரில் ஒரு 'இயல்' வந்தது. வரலாற்றாசிரியர் க்சேனியா தத்தர்செங்கோ இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இந்தச் சான்றுகள் என் வாதத்தின் எல்லையைச் செம்மைப்படுத்துகின்றன. நிரல் எழுத இடமிருக்கும் எந்தக் கருவியிலும் சிலர் விளையாட்டு எழுதுவார்கள்; அதற்குத் தேர்வு வேண்டாம். ஆனால் எச்பியைச் சுற்றி நின்றது ஒரு சங்கம், பி3-34ஐச் சுற்றி நின்றது ஓர் இதழ். இரண்டிலும் கருவியை விரும்பி வாங்கியவர்கள் தேடிப்போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்கப் பள்ளியில் கருவியை விரும்பாதவர் கையிலும் அது இருந்தது; சேர்வதற்குச் சங்கம் தேவைப்படவில்லை, வகுப்பறையே போதும். இந்த வேறுபாட்டைத்தான் தேர்வு உண்டாக்கியது.

இன்னொரு மறுப்பு கற்றலைப் பற்றியது. சீமோர் பேப்பர்ட் 1980இல் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் தாக்கத்தில், நிரல் எழுதினால் சிந்தனையே கூர்மையடையும் என்ற நம்பிக்கை பரவியது. கால்குலேட்டர் விளையாட்டைப் போற்றுபவர்கள் அதை வழிமொழிவதுண்டு. ராய் பீயும் மிடியன் கர்லாண்டும் 1984இல், அந்நூல் முன்வைத்த லோகோ மொழியைக் கற்ற குழந்தைகளை ஆராய்ந்து, திட்டமிடும் திறன் தானாகப் பிற துறைகளுக்குப் பெயரவில்லை என்று கண்டார்கள். அந்த எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். கால்குலேட்டர் சிந்தனையாளர்களை வளர்த்தது என்பது என் வாதமல்ல. பேசிக் பழகியவருக்கு நல்ல நிரலாக்கம் வராது என்று கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975இல் கடுமையாகச் சொன்னதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சுழற்சிக்குள்ளிருந்து 'கோட்டு' கட்டளையால் வெளியே தாவினால் டிஐ கருவியில் கொஞ்சம் நினைவகம் கசியும்; பலமுறை தாவினால் நினைவகப் பிழை வந்து விளையாட்டு நிற்கும். கெட்ட பழக்கத்துக்கு இத்தனை உடனடித் தண்டனை கணினியில்கூட இல்லை.

கடுமையான மறுப்பு சமத்துவத்தைப் பற்றியது. ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் 2002இல் எழுதிய 'அன்லாக்கிங் த கிளப்ஹவுஸ்', வீட்டுக் கணினி பெரும்பாலும் மகனின் அறையில்தான் வைக்கப்பட்டது என்று காட்டியது. கால்குலேட்டர் அண்ணன் அறையில் மட்டும் இருக்காது, தங்கையின் பையிலும் இருக்கும் என்பது அதன் பெருமை. ஆனால் 100 டாலர் எல்லாக் குடும்பத்துக்கும் சிறு தொகையல்ல. வாங்க முடியாதவர்களுக்குப் பள்ளி இரவல் தந்தது. மணி அடித்ததும் திரும்பக் கொடுக்க வேண்டிய கருவியில், அடுத்த வகுப்பில் வேறொருவர் அழித்துவிடக்கூடிய நினைவகத்தில், யார் இரண்டு வாரமாக ஒரு விளையாட்டை எழுதுவார்? மார்கோலிஸின் 2008 நூலான 'ஸ்டக் இன் த ஷாலோ எண்ட்', லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் கணினி இருந்தும் ஆழமான பாடம் இல்லாததைக் காட்டியது. கருவி கையில் இருப்பதும் அது தன்னுடையதாக இருப்பதும் வேறு என்பது இங்கும் பொருந்தும். தேர்வு கருவியைக் கட்டாயமாக்கியது, உடைமையாக்கவில்லை.

கதவு மூடிய விதம்

டிஐ-83 பிளஸின் இயங்குதளத்தை நிறுவனம் 512 பிட் மின்னொப்பச் சாவியால் பூட்டியிருந்தது. அத்தகைய சாவியை உடைக்க அந்த அளவு எண்ணைக் காரணிப்படுத்த வேண்டும்; அதை முதன்முதலாகச் செய்தது 1999இல், நூற்றுக்கணக்கான கணினிகளை ஈடுபடுத்தி. பத்தாண்டு கழித்து 2009இல் ஒரு பயனர் வீட்டுக் கணினி ஒன்றிலேயே 73 நாளில் அந்தச் சாவியைக் கண்டுபிடித்தார். கால்குலேட்டரில் சொந்த இயங்குதளம் ஏற்ற வழி பிறந்தது. நிறுவனம் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டிச் சாவியை நீக்கச் சொன்னது. இணைய உரிமை அமைப்பான எலெக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் பயனர்களுக்காக எதிர்த்து எழுதியது. நூறு டாலர்க் கால்குலேட்டருக்குள் என்ன அரச ரகசியம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ரகசியம் கருவியில் இல்லை, அதைத் தேர்வறைக்குள் விடும் நம்பிக்கையில் இருந்தது. இயங்குதளத்தையே மாற்றலாம் என்றால், 'தேர்வு முறையில் இருக்கிறேன்' என்று திரை சொல்வதற்கு என்ன மதிப்பு?

2020இல் அதே தர்க்கம் முழுமையடைந்தது. தேர்வு நேர்மையைக் காரணம் காட்டி, டிஐ-84 பிளஸ் சிஇயின் புதிய இயங்குதளத்தில் அசெம்ப்ளி, சி நிரல்களை ஓட்டும் வசதியை நிறுவனம் எடுத்துவிட்டது. பேசிக் தப்பியது, பைத்தான் புதிதாக வந்தது. பாடத்திட்டத்துக்குள் வரும் நிரலாக்கத்துக்கு வரவேற்பு, வாசலைச் சோதிப்பவருக்குத் தெரியாத நிரலாக்கத்துக்குத் தடை. அதே ஆண்டிலேயே பயனர்கள் சந்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள் என்றாலும், இயங்குதளத்தைப் புதுப்பித்த சாதாரண மாணவருக்கு அந்தச் சந்து தெரியாது. பிரான்ஸின் நம்வொர்க்ஸ் நிறுவனம் 2017இல் மூலநிரலைத் திறந்துவைத்துத் தொடங்கியது. ஒரு பெரிய நிறுவனத்தின் மனப்பாங்குதான் சிக்கல் என்றால் நம்வொர்க்ஸ் விலக்காக இருந்திருக்கும். அதுவும் 2021இல் அதிகாரபூர்வமற்ற மென்பொருளை அடைத்தது, தேர்வு விதிகளின் பொருட்டு.

இப்போது எஸ்ஏடி தேர்வே திரைக்கு மாறிவிட்டது. 2024 முதல் அமெரிக்காவில் அது முழுக்கக் கணினியில் நடக்கிறது, டெஸ்மாஸ் என்ற வரைபடக் கால்குலேட்டர் தேர்வுச் செயலிக்குள்ளேயே இருக்கிறது. கைக்கருவியை இன்னும் கொண்டுபோகலாம், ஆனால் தேவையில்லை. தேவை போனால் நூறு டாலர் செலவழிக்கக் காரணமும் போகும். அதைச் சார்ந்து நின்ற பரவலும் சேர்ந்து போகும் என்பது இக்கட்டுரையின் வாதத்திலிருந்து வரும் எதிர்பார்ப்பு. சமன்பாடுகளை வைத்து டெஸ்மாஸிலும் விளையாட்டு செய்கிறார்கள், சில மிக நேர்த்தியானவை. ஆனால் அது உலாவியில், வீட்டில், விரும்பித் தேடியவர் செய்வது. எச்பி சங்கத்துக்கும் சோவியத் இதழுக்கும்தான் நெருக்கம். தேர்வுச் செயலிக்குள் இருக்கும் டெஸ்மாஸுக்கு மாணவர் வீட்டில் சேமித்த எதுவும் வராது. அங்கே அழிப்பதற்கு நினைவகமே இல்லை.